நான்காம் தேதி காலமான அந்தோனி தல்மெய்தா

சிரித்துவிட்டான். அதை இனி யாராலும் இல்லையென்று ஆக்க முடியாது. கோவில் முழுக்கச் சிரித்தது, ஜெரோசினும் பீடத்துக்குப் பக்கத்தில் வெள்ளை அங்கியோடு உட்கார்ந்துகொண்டு, பல் தெரிய, தோள் குலுங்கச் சிரித்தான். பூசை தொடங்குமுன் அன்றைய கருத்துகளை வாசிப்பது இந்த ஊர் வழக்கம். இன்னாருக்குக் காய்ச்சல் தீர, இன்னார் வீட்டில் பிள்ளை பிறந்ததற்கு நன்றியாக, இன்னாருடைய ஆத்துமம் இளைப்பாற என்று உபதேசியார் ஃபிலிமோனு கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு நீல நோட்டை வரி விடாமல் வாசிப்பார். ஐந்தாவதோ ஆறாவதோ வரி. "இந்த மாதம் நான்காம் தேதி காலமான அந்தோனியு தல்மெய்தாவின் ஆத்துமத்துக்காக" என்றார். உடனே மூன்றாவது பெஞ்சில், ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்ற அந்தோனியு தல்மெய்தா கைத்தடியை ஊன்றி எழுந்தார். "நான் இங்கேதான் இருக்கிறேன் ஃபிலிமோனு, கடவுளை அவசரப்படுத்தாதே" என்றார். பெண்கள் பக்கம் கொல்லென்று ஆனது. மேளக்காரன் ஒரு தட்டுத் தட்டினான். ஃபிலிமோனு நோட்டைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, "எழுதியிருப்பதை வாசித்தேன், நீர் உட்காரும்" என்றார், இன்னொரு சிரிப்பு. ஜெரோசின் சிரித்துக்கொண்டே இடப்பக்கம் திரும்பினான், பூசை வைக்கிற ஞானாதிக்கம் சாமியும் சிரிப்பார் என்று. சாமி சிரிக்கவில்லை. சாமி அந்த நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இவனைப் பார்த்தார். பார்த்த வேகத்தில் கண்ணை எடுத்துக்கொண்டார்.

மேளம் எழுந்தது, பாட்டு எழுந்தது, ஒரே பூப்போட்ட சீலை உடுத்திய பாடகர் குழுப் பெண்கள் இடமும் வலமுமாக அசையத் தொடங்கினார்கள், ஜெரோசினும் எழுந்து நின்று கைதட்டினான். கை தானாகத் தட்டியது. அப்பா பேர்தான், ஆனால் வேறு ஒரு அந்தோனியு தல்மெய்தா, அவ்வளவுதான். இந்த நாட்டில் அந்தப் பேருக்கு என்ன பஞ்சம், சந்தையில் கல்லெறிந்தால் ஒரு தல்மெய்தா மேல்தான் விழும். எங்கள் வேம்பார்க் கரையிலும் அப்படித்தான், தல்மெய்தா, மச்சாது, கொரைரா, மிராந்தா என்று ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் எவனோ கப்பலில் வந்து தலையில் தண்ணீர் ஊற்றிப் போட்டுவிட்டுப் போன பேர்களைச் சுமந்துகொண்டு வலை இழுக்கிற ஊர். அதே கப்பல்காரன் இங்கேயும் இறங்கி இங்கேயும் அதே பேர்களைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறான். வந்த புதிதில் எல்லாரும் கேட்டார்கள், தல்மெய்தா என்று பேர் வைத்திருக்கிறாய், பாஷை தெரியாதா என்று. தெரியாது. எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. எங்கள் பேருக்கு என்ன அர்த்தம் என்றுகூட எங்களுக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் வந்தேனா என்றால் அதற்கும் இல்லை, வேதம் போதிக்க வந்தேன், இருபத்து நாலு வயது, துறவற சபையில் சேர்ந்து ஆறு வருஷம், மொசாம்பிக்குக்கு வந்து ஏழு மாதம், போர்ச்சுகீசு தேர்வில் தேறினால் மிஷன் பள்ளியில் வகுப்பு, தேறாவிட்டால் திரும்பப் போ. வேறு ஒரு அந்தோனியு. ஆனால் வேறு ஒருவன் என்றால் அவன் வீட்டு ஆள்கள் எங்கே? செத்தவன் பேரை வாசித்ததும் எங்காவது ஒரு பெஞ்ச் அசையும். கறுப்புத் துணி கட்டிய பெண் ஒருத்தி தலையைக் குனிவாள், பக்கத்தில் இருப்பவள் முதுகைத் தடவுவாள். ஏழு மாதமாகப் பார்க்கிறான், ஒரு ஞாயிறும் தப்பியதில்லை. இன்றைக்கு எந்தப் பெஞ்சும் அசையவில்லை. அந்த ஒரு பேருக்கு மட்டும் இந்தக் கோவிலில் அழ ஆள் இல்லை. சிரிக்கத்தான் ஆள் இருந்தது.

உட்காரச் சொன்னார்கள், உட்கார்ந்தான். இதில் வயிறெரிகிற சங்கதி என்னவென்றால் அந்த வரி ஒரே தடவை கேட்டதுமே புரிந்துபோனது. ஏழு மாதமாக இந்தப் பாஷையில் எதைக் கேட்டாலும் அதை முதலில் தமிழுக்குள் இழுத்துப்போட்டு, குடல் எடுத்துக் கழுவி, பிறகுதான் விளங்கிக்கொள்வான். அதற்குள் பேசினவர் மூன்று வாக்கியம் தாண்டிப்போயிருப்பார். முதல் மூன்று மாதம் சுத்த ஊமை. சந்தையில் சோப்புக் கட்டி கேட்கப் போய், முடியாமல், கையால் தேய்த்துக் காட்டினான், கடைக்காரி சொறிமருந்து எடுத்துக் கொடுத்தாள். வீட்டிலோ தமிழ் கூடாது. ஞானாதிக்கம் சாமிக்குச் சிவகங்கைப் பக்கம், இவனுக்கு வேம்பார், இரண்டு தமிழர்கள் ஒரு மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து உப்புக் கேட்க மூன்றாவது ஒரு பாஷையில் தடுமாறிக்கொண்டிருப்பார்கள். சாமி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், பிரதர், தாய்மொழியைப் பூட்டி வைத்தால்தான் அடுத்த மொழி நாக்கில் ஏறும். தாய்மொழியைப் பூட்டுவது எப்படி, போனைப் பூட்டு. சபை கொடுத்த பட்டன் போன், சாமி அறை பீரோவுக்குள். ஞாயிறு மத்தியானம் இரண்டு மணிக்கு வெளியே வரும், இரண்டு இருபதுக்கு உள்ளே போகும். சரி சாமி என்றான். எல்லாவற்றுக்கும் சரி சாமி. எதிர்த்துப் பேசாத பிள்ளை, மெதுவாகப் பேசுகிற பிள்ளை, சபைக்கு ஏற்ற பிள்ளை என்று பயிற்சி வீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். அப்படியெல்லாம் பூட்டி, புகட்டி, அடித்துப் பழுக்க வைத்து, முதன்முதலாகத் தமிழைத் தொடாமல் நேரே நெஞ்சில் வந்து இறங்கின வாக்கியம் இதுதான். நான்காம் தேதி காலமான. நல்ல முன்னேற்றம். செவ்வாய்க்கிழமை தேர்வாளர்களிடம் சொல்லலாம்.

முதல் வாசகம் யாரோ ஒரு பெண் வாசித்தாள். இவன் காதில் ஒன்றும் ஏறவில்லை. சாமியின் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான், அங்கிக்குக் கீழே வலது கால் ஆடிக்கொண்டிருந்தது. தம்பி என்று கூப்பிட்டாரே. போன வாரம் முழுக்கத் தம்பி. பிரதர், பிரதர் என்று ஏழு மாதமாகக் கூப்பிட்ட வாயில் திடீரென்று தம்பி எங்கிருந்து வந்தது? அவன் சமைக்க வேண்டிய நாள்களைத் தானே எடுத்துக்கொண்டார், தேர்வுக்குப் படியுங்கள் என்றார். மீன் வாங்கிய அன்றைக்கு நடுத்துண்டை இவன் தட்டில் போட்டார். எட்டாம் தேதி ஞாயிறு போன் வெளியே வரவில்லை, புயலில் செல்போன் கோபுரம் விழுந்துவிட்டது, லைன் இல்லை என்றார். சரி சாமி. அன்றைக்கு மாலையே மேளக்காரன் மனைவி போனில் யாரிடமோ சண்டை போட்டுக்கொண்டு போனதைக் கண்ணால் பார்த்தான், பார்த்தும் ஒன்றும் தோன்றவில்லை, சாமி சொன்னது சொன்னது. வியாழக்கிழமை. வாய்மொழித் தேர்வுக்குப் பழகுவோம் என்று வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கேள்வித் தாளைப் பார்த்து, உங்கள் குடும்பத்தில் ஒருவரைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார். இவன் அப்பாவைச் சொன்னான். என் தந்தையின் பெயர் அந்தோனி. அவர் படகு எந்திரங்களைப் பழுது பார்க்கிறார். அவருக்கு ஒரு காது கேட்காது, அதனால் உலகத்துக்கே காது கேட்காது என்று நினைத்துச் சத்தமாகப் பேசுவார். அவருடைய கை எப்போதும் மண்ணெண்ணெய் மணக்கும். எங்கள் குடும்பப் பெயர் எப்படி வந்தது என்று அவர் கதை சொல்வார், ஒவ்வொரு தடவையும் வேறு கதை. சாமி கண்ணை மூடிக்கொண்டு கடைசி வரைக்கும் கேட்டார். கேட்டு முடித்து, நன்றாக வந்திருக்கிறது, பரீட்சையில் இதையே சொல்லுங்கள் என்றார். இதையே சொல்லுங்கள் என்றார். செத்து எட்டாவது நாள் அது.

தேதியை வைத்து எண்ணிக்கொண்டு வந்தான். நான்காம் தேதி புதன்கிழமை. புதன்கிழமை சாயங்காலம் மிஷன் மைதானத்தில் பந்து விளையாடினான், மழையில், ஒரு கோல் போட்டான், பையன்கள் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அந்நேரம் ஊரில் துக்கமணி அடித்திருக்கும். வியாழக்கிழமை அடக்கம் முடிந்திருக்கும், வேம்பாரில் வெயிலுக்கு அதற்குமேல் வைக்க மாட்டார்கள். முதல் மண்ணை யார் போட்டது? பெரியப்பா மகன் போட்டிருப்பான். குடித்துவிட்டுப் போட்டிருப்பான். தங்கச்சி எந்தச் சுவரில் சாய்ந்து நின்றாள்? வந்தவர்கள் எல்லாரும் கேட்டிருப்பார்களே, சாமியாருக்குப் போன மகன் எங்கே, அவனுக்குச் சொல்லியாச்சா என்று. என்ன பதில் சொல்லியிருப்பார்கள்? சொல்லியாச்சு, வர முடியலை என்றா? அப்படியானால் ஊரில் நான் அப்பன் சாவுக்கு வராத மகன். வராதவன், பந்து விளையாடினவன், சிரித்தவன். ஒன்றாம் தேதி ஞாயிறு கடைசியாகப் பேசினபோது ரயில்வே கார்டு கதையைச் சொன்னான், இங்கேயும் ஒரு அந்தோனி தல்மெய்தா இருக்காருப்பா என்று. அப்பா சிரித்த சிரிப்பில் இருமல் வந்துவிட்டது. "ஏல, அவன் எனக்கு மூத்தவனா இளையவனான்னு கேளு. இளையவன்னா மரியாதையா நடந்துக்கிடச் சொல்லு" என்றார். மூத்தவர்தாம்பா என்றான். "அப்ப அவனுக்குத்தான் மொதல்ல மணியடிக்கணும், சொல்லிரு" என்றார். அந்த இருமல். அந்த இருமலைக் கேட்டுக்கொண்டு இருபது நிமிஷம் ஆகிவிட்டதே என்று சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தவன் இவன். யார் மேல் கோபம் என்று பிடிபடாமல் அது உள்ளே சுற்றிச் சுற்றி வந்தது, கடிகாரத்தின் மேல், கடிகாரத்தை மாட்டினவர் மேல், வாசிக்கச் சொன்னால் வாசித்துவிடுகிற ஃபிலிமோனு மேல், மூன்றாவது பெஞ்சில் உயிரோடு உட்கார்ந்து மூக்குறிஞ்சிக்கொண்டிருக்கிற அந்தக் கிழவர் மேல், திரும்பத் திரும்பச் சாமி மேல். செத்ததை ஒளித்தவர், பூசையை ஒளிக்கவில்லை. சபை உறுப்பினரின் தாயோ தகப்பனோ இறந்தால் அவர் இருக்கிற வீட்டில் மூன்று பூசை வைக்க வேண்டும், நோட்டில் எழுதி வைக்க வேண்டும், அது விதி. விதியை மீற மாட்டார் ஞானாதிக்கம் சாமி. மகனிடம் சொல்லாமல் இருக்கலாம், நோட்டில் எழுதாமல் இருக்கக் கூடாது. நாற்பது கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள கிளைக் கோவிலுக்கு இன்றைக்கு இவனை மோட்டார் சைக்கிளில் அனுப்புவதாகத்தான் ஏற்பாடு. நேற்று ராத்திரி மழையில் பாலம் மூழ்கிப்போனது. பாலம் மூழ்காமல் இருந்திருந்தால் ஊரே கேட்டிருக்கும், இவன் மட்டும் கேட்டிருக்க மாட்டான்.

சுவிசேஷம் சாமிதான் வாசித்தார். இன்றைக்கென்று பார்த்து, சகோதரன் மேல் கோபம் கூடாது என்கிற பகுதி. வாசிக்கும்போது குரல் இரண்டு இடத்தில் மாட்டியது. வாசித்து முடித்துப் புத்தகத்தை முத்தமிட்டுவிட்டுத் தன் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். அடுத்தது இவன் முறை. பாலம் மூழ்கினதால் இங்கேயே ஐந்து நிமிஷம் சிந்தனை சொல்லட்டும், தேர்வுக்குப் பழக்கமாகவும் இருக்கும் என்று காலையில் சாமிதான் சொன்னார். ஜெரோசின் எழுந்து வாசக மேடைக்கு நடந்தான். மடித்த தாளை விரித்தான். அன்புள்ள சகோதர சகோதரிகளே என்று முதல் வரி. முந்நூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள், முன்வரிசையில் பால் குடிக்கிற பிள்ளைகூட வாயை எடுத்துவிட்டுப் பார்த்தது. அந்த வரியைச் சொல்ல வாயைத் திறந்தான். நாக்கு அந்தப் பக்கம் போகவில்லை. திரும்பிச் சாமியைப் பார்த்தான். மைக் வாய்க்கு நேரே இருந்தது, நகர்த்தத் தோன்றவில்லை, தோன்றியிருந்தாலும் நகர்த்தியிருக்க மாட்டான்.

"எங்கப்பா செத்துப் பதினோரு நாளாச்சா, சாமி?"

தமிழ் அந்தக் கோவிலின் நான்கு சுவரிலும் முட்டித் திரும்பி வந்தது. மேளக்காரன் தலையைத் தூக்கினான். சாமி போர்ச்சுகீசில்தான் பதில் சொன்னார், மெதுவாக, பிறகு பேசுவோம் சகோதரரே என்று.

"தமிழ்ல சொல்லுங்க."

சாமி இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டார். "ஆமாப்பா. மாரடைப்பு. தூக்கத்துலேயே."

"இத்தன நாளும் என் கூட உக்காந்துதான சாப்பிட்டிய. நடுத்துண்டு போட்டிய. எங்கப்பாவப் பத்திச் சொல்லச் சொல்லிக் கேட்டிய."

"தாள்ல இருந்த கேள்விப்பா அது. நீங்க அப்பாவ எடுப்பீங்கன்னு எனக்குத் தெரியாது. பாதியில நிறுத்த எனக்கு…" சாமி வார்த்தை தேடினார். தமிழில் தேடினார். "உங்க அம்மாதான் சொல்ல வேண்டாம்னாங்க. பரீட்சை முடியுற வரைக்கும். போன்ல அழுதாங்க."

"எங்கம்மா அப்படிச் சொல்ல மாட்டாவ."

"சொன்னாங்கப்பா."

"பொய் சொல்லாதிய சாமி."

இப்படி ஒரு வாக்கியத்தை ஒரு குருவிடம் அவன் வாழ்நாளில் சொன்னதில்லை. இறங்கிப்போய்ச் சாமிக்கு முன்னால் நின்று உள்ளங்கையை நீட்டினான். "பீரோ சாவி." சாமி, பூசை முடியட்டும் என்றார். கை நீட்டினபடியே இருந்தது. முந்நூறு பேருக்கும் பாஷை புரியவில்லை, ஆனால் நீட்டின கை புரிந்தது. கடைசியில் சாமி எழுந்தார். சாவி பேண்ட் பையில், பேண்ட் அங்கிக்குள், அங்கி பூசை உடைக்குள். பச்சைப் பட்டு உடையை ஒரு கையால் மார்பு வரைக்கும் தூக்கி, தாடையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, வெள்ளை அங்கியை வாரிச் சுருட்டி, அவ்வளவு பேர் முன்னாலும் பைக்குள் கையை விட்டுத் துழாவினார். கைக்குட்டை கீழே விழுந்தது. ஜெரோசின் குனியவில்லை. தன் அப்பாவைவிடப் பத்து வயது குறைந்த ஒரு மனிதர் இப்படித் துழாவுவதைப் பார்த்துக்கொண்டு நின்றான், அது அவனுக்குப் பிடித்திருந்தது, பிடித்திருந்தது என்பதும் கோபத்தைத்தான் கூட்டியது. சாவி உடம்புச் சூட்டோடு உள்ளங்கையில் விழுந்தது.

நடுவழியாக நடக்கவில்லை, பக்கக் கதவால் வெளியேறினான். பின்னால் பாடகர் குழுத் தலைவி தானாகவே ஒரு பாட்டைத் தொடங்கினாள், யாரும் சொல்லாமல், மேளம் இல்லாமல். முற்றத்துச் செம்மண்ணில் மழைத் தண்ணீர் நின்றது, அங்கி ஓரம் முழுக்கச் சேறு. நடந்துகொண்டே சொல்ல வேண்டியதை அடுக்கினான். சாமி உங்க மேல பழி போட்டுட்டாரும்மா. உங்களக் காரணம் சொல்லித் தப்பிக்கப் பாக்காரு. நான் மேலிடத்துக்கு எழுதப் போறேன். நாளைக்கே கிளம்பி வந்திருதேன், பரீட்சையும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். சாமி அறை திறந்தேதான் கிடந்தது. பீரோவில் போன் இருந்தது. அமுக்கினால் முழுச் சார்ஜ். சார்ஜ் போட்டு வைத்திருக்கிறார். அதற்கும் ஒரு கோபம் வந்தது. அங்கே மத்தியானம் ஒரு மணி இருக்கும். இரண்டாவது மணியில் அம்மா எடுத்துவிட்டாள்.

"மக்கா? என்னய்யா இந்நேரம்? சாயந்தரமுல்லா கூப்பிடுவ." பிறகு அவசரமாக, மூச்சை இழுத்துக்கொண்டு, "பரீட்சை முடிஞ்சிட்டா?" என்றாள்.

அடுக்கி வைத்தது எல்லாம் அந்த ஒரு கேள்வியில் சரிந்தது. சாமி பொய் சொல்லவில்லை. பொய் சொன்னது போலவே எல்லாம் செய்துவிட்டு, அந்த ஒன்றில் மட்டும் பொய் சொல்லவில்லை. "இல்லம்மா" என்றான். "செவ்வாக்கிழமை."

அந்தப் பக்கம் எங்கோ ஒரு கதவைச் சாத்தினார்கள், சாத்துவதற்கு முன் உள்ளே யாரோ மூக்கைச் சிந்துவது கேட்டது. திரும்பி வந்த குரல் வேறு குரலாக இருந்தது, கல்யாண வீட்டில் பந்திக்கு ஆள் கூப்பிடுகிற குரல். "அப்ப நல்லாப் படிக்கணும் என்ன. வேளைக்குச் சாப்பிடு. சாமி சொல்லுகதக் கேளு. இங்க எல்லாரும் சொகம்."

"அப்பா எங்க?"

"அப்பாவா?" என்றாள், யாரைக் கேட்கிறாய் என்பது போல. "தருவைக்குளத்துல ஒரு வள்ளத்து இன்ஜின் நின்னுபோச்சுன்னு வந்து கூட்டிட்டுப் போயிட்டாவய்யா."

"ஞாயித்துக்கிழமையா?"

"அவசரம்னு வந்து நின்னா என்ன செய்ய? பூசை முடிஞ்ச கையோட கிளம்பிட்டாவ. தலைக்குத் துணிகூடக் கட்டாம. நான் சொன்னா எங்க கேக்காவ. சாயந்தரம் ஆயிரும்னு சொல்லிட்டுத்தான் போனாவ."

துணி கட்டாமல் போனார் என்கிறாள். அவ்வளவு தூரம் யோசித்து வைத்திருக்கிறாள். பதினோரு நாளாக, வீட்டுக்கு வந்தவர்களுக்கு நடுவே உட்கார்ந்து, இந்தப் போன் எப்போது வரும், வந்தால் என்ன சொல்ல வேண்டும் என்று ஒத்திகை பார்த்திருக்கிறாள், இவன் தன் ஐந்து நிமிஷச் சிந்தனைக்குப் பார்த்தது போல. ஒரு இடத்தில்கூடக் குரல் மாட்டவில்லை. எனக்குத் தெரியும்மா என்று ஒரு வார்த்தை போதும். அது நாக்கு நுனியில் கோபத்தோடுதான் நின்றது, உங்களுக்கும் யாரு இந்த உரிமையக் குடுத்தா என்பதோடு சேர்ந்து நின்றது. சொன்னால் அந்தக் குரல் உடையும். உடைந்தால் பிடிக்க இங்கிருந்து கை எட்டாது. ஞானாதிக்கம் சாமி வியாழக்கிழமை கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது ஞாபகம் வந்தது. வந்ததற்காக அவர் மேல் இன்னும் கோபப்பட்டான்.

"சரிம்மா" என்றான். மெதுவாகப் பேசுகிற பிள்ளையின் குரலில்தான் வந்தது. பிறகு, நிறுத்த முடியாமல், "செவ்வாக்கிழமை பரீட்சை முடிஞ்சதும் கூப்பிடுவேன். அப்ப அப்பாட்டப் போனக் குடுக்கணும்" என்றான்.

"குடுக்கேன் மக்கா" என்றாள்.

அவன் போனை வைக்கவில்லை. அவளும் வைக்கவில்லை.